இடப்பக்கம் வளைந்த குழாய்

எங்கள் பட்டறையில் லேத் மெசினுக்கு முன்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பிமாருக்கும், சென்ற மாதம் சேர்ந்த தங்கச்சிக்கும் எழுதுவது.

முப்பத்தெட்டு வருடம் நான் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். வேகம் எவ்வளவு, வெட்டு எவ்வளவு என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். தராவிட்டால் போனில் தேடுவீர்கள். எப்படியும் போன் கையை விட்டு இறங்குவதில்லைத்தானே. போனில் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன். இது நான் செய்த பிழை. பிழை என்று மென்மையாகத்தான் சொல்கிறேன். வாசித்து முடித்தபின் வேறு சொல் பொருத்தமென்று பட்டால் அதையே வையுங்கள், கோபிக்க மாட்டேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நீளமான இரும்புக்குள் போடும் துளை நேராகப் போகாது. வெளிப்பக்கத்தை நூல் பிடித்ததுபோல் கடைந்து தள்ளலாம். துளை போட உள்ளே போகும் அலகு, இரும்பு எங்கே கொஞ்சம் இளக்கமோ அந்தப் பக்கம் சாயும். இரண்டு முனைகளையும் அளந்தால் துளை நடுவில்தான் நிற்கும். இடைவழியில் அது எங்கே போய்விட்டு வந்தது என்று உங்கள் அளவுகோல் சொல்லாது.

இதை எனக்குக் காட்டியவர் எனக்கு முன் அதே மெசினில் நின்றவர். பெயர் வேண்டாம், தன் பெயர் எழுத்தில் வருவதை விரும்பாத மனிதர். அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் திருத்த வேலைகளை அவரிடம்தான் கொண்டு வந்தார்கள். ரைபிளுக்குப் புதுக் குழல் பூட்ட வேண்டுமென்றால், குழலுக்குள் ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டுவாராம். ஒரு முனையை வானத்துக்குக் காட்டி, மறுமுனையில் கண்ணை வைப்பாராம். மினுங்குகிற உள்சுவரில் நூலின் சாயல் விழும். சாயல் நேராக ஓடினால் குழல் நேர். எங்கே வளைகிறதோ அங்கே குழலும் வளைவு. கண்டவுடன் அதை நிமிர்த்துகிறேன் என்று சுத்தியலைத் தூக்க மாட்டாராம். குழலைத் திருப்பி, வளைவு மேலோ கீழோ வரும்படி வைத்துப் பூட்டிவிடுவாராம்.

"மேலை கீழை எண்டால் குறி பாக்கிற தகட்டை ஏத்தி இறக்கிச் சமாளிக்கலாம்" என்பார். "பக்கத்துக்கு வைச்சுப் பூட்டினியோ, வெடியெல்லாம் பக்கத்து வளவுக்குத்தான் போகும்."

நான் ரைபிள் பூட்டியதில்லை. நான் தொழில் பழகிய காலத்தில் துவக்கு என்ற சொல்லையே யாழ்ப்பாணத்தில் மெதுவாகத்தான் சொன்னோம். என் கைக்கு வந்தவை வள்ளங்களின் குழாய்கள். எஞ்சின் வள்ளத்தின் நடுவில் இருக்கும். அதிலிருந்து ஷாஃப்ட் பின்பக்க மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ப் புறொப்பல்லரைச் சுற்றும். மரத்தைத் துளைக்கும் இடத்தில் அது ஐந்தடி இரும்புக் குழாய் ஒன்றுக்குள் ஓடும். குழாயின் இரு முனையிலும் புஷ் என்கிற பித்தளை வளையம். ஷாஃப்ட் அவற்றில்தான் தங்கும். உள்முனையில் கிறீஸ் ஊறிய கயிறு சுற்றி, மூடி வைத்து இறுக்கியிருப்பார்கள். கடல் உள்ளே வராமல் நிற்பது அந்தக் கயிற்றால்தான்.

இந்தக் குழாயின் துளையும் வளையும். வளைவு கீழ்ப்பக்கம் இருந்தால் தொல்லை குறைவு. புறொப்பல்லரின் பாரத்தில் ஷாஃப்ட்டும் கீழே தாழும், வளைவோடு ஒத்துப்போகும். மிச்சத்தை எஞ்சினுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தியோ, எடுத்துப் பதித்தோ சரிசெய்யலாம். வளைவு பக்கவாட்டில் வந்தால் எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். எஞ்சின் கட்டையில் ஆணித் துளைகள் எப்போதோ போட்டு இறுகியவை, நகர இடமில்லை. பெரியவர் ரைபிளுக்குச் சொன்னது வள்ளத்துக்கும் அப்படியே பொருந்தும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

வள்ளம் குருநகர் மாக்கிறேற் அக்காவுடையது. புருஷன் போனபின் வலையையும் வள்ளத்தையும் தானே நடத்தியவர். கடலுக்குப் போவது மகன் அன்ரனும் வேறு இரண்டு பேரும். கரையில் கட்டளை அக்காவுடையது. பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. வள்ளத்தைக் கரையேற்றி மூன்று கிழமை. இறால் படும் காலம் தொடங்கிவிட்டது, வள்ளமோ வெயிலில் காய்கிறது. அக்கா தினமும் ஓட்டோவில் வந்து பட்டறை வாசலில் கிடக்கும் மர வாங்கில் இருந்துகொண்டு என் முதுகைப் பார்ப்பார்.

"என்ன தம்பி, நீர் கடையிறது குழாயோ, மாதா கோயில் மணிக்கோபுரமோ? இன்னும் எத்தினை நாள்?"

பட்டறை முழுவதும் சிரிக்கும். எனக்கு உள்ளுக்குள் சுர்ரென்று வரும். நான் புத்தூர்த் தோட்டக்காரப் பிள்ளை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது யாராவது வரம்பில் நின்று பார்த்தாலே எங்களுக்குப் பிடிக்காது.

கடைசியாகத் துளை முடிந்த அன்று பின்னேரம், முடிந்துவிட்டது என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்ற அவதியில், கிறீஸ் போகும் துளையையும் மரத்தோடு பூட்டும் விளிம்பின் ஆணித் துளைகளையும் போட்டுவிட்டேன். இனி அந்தக் குழாய் ஒரே ஒரு விதமாகத்தான் வள்ளத்தில் உட்காரும். நூல் கட்டிப் பார்த்தது அடுத்த நாள் காலையில். எந்த முட்டாளும் மாறிச் செய்யாத இரண்டு வேலைகளை, இருபத்தைந்து வருடம் தொழில் செய்த நான் மாறிச் செய்தேன்.

நூலின் சாயல் இடப்பக்கம் வளைந்தது.

எவ்வளவு வளைவு? ஒரு கடதாசித் தடிப்பு என்று அன்று எனக்கு நானே சொன்னேன். இப்போது பென்சன்காரனாக இருந்து சொல்வதென்றால், மூன்று கடதாசி.

செய்ய வேண்டியது தெளிவு. துளைகளை அடைத்து, விளிம்பை வெட்டி, குழாயைத் திருப்பி மறுபடி போட வேண்டும். ஒன்றரை நாள் வேலை. ஆனால் அடுத்த நாள் காலையில் வள்ளம் இறக்குவதென்று நாள் குறித்தாயிற்று. முதல் பூசை முடிய பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். தள்ளுவதற்கு முப்பது பேர் தொழிலை விட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் அக்கா வீடுவீடாகப் போய் ஒழுங்கு செய்திருந்தார். வாங்கில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் தடவையாக என்னைக் கிண்டல் பண்ணாமல் சிரித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கோபத்துக்குப் பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. புத்தூரான் துளையைப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்தானாம் என்று பட்டறை சிரிக்குமே, அந்த வெட்கம்தான் பெரிது. புதுப் புஷ்தானே, ஓடி ஓடித் தேய்ந்து தனக்கு இடம் எடுத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றினேன். இந்த வசனத்தை உங்களில் யாராவது சொல்லக் கேட்டால் உடனே மெசினை நிறுத்திவிட்டு அவரைக் கவனியுங்கள்.

அன்றே கரையில் குழாயைப் பூட்டி ஷாஃப்ட்டைச் செலுத்தினேன். கரையில் வள்ளம் கட்டையில் அசையாமல் நிற்கும், பாரம் எதுவும் இல்லை, ஷாஃப்ட் சுகமாகச் சுழன்றது. அக்கா பக்கத்தில் நின்றார்.

"ஒருக்காப் பிடிச்சுச் சுத்திப் பாருங்கோ அக்கா" என்றேன்.

ஒற்றைக் கையால் சுற்றினார். "அட, பட்டு மாதிரிப் போகுது" என்றார்.

அடுத்த நாள் தீர்த்தம் தெளித்து, முப்பது பேரும் ஏலேலோ போட்டு வள்ளத்தை இறக்கினார்கள். எனக்குப் பிளேன்ரீயும் ரோல்ஸும் கிடைத்தன. வள்ளம் கரையில் நிற்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது இன்னொரு வடிவம். ஆகவே பின்னேரம் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் இரு தட்டுகளைக் கழற்றி, இடைவெளியை மறுபடி அளந்தேன். மேல் கீழ் வித்தியாசத்தை இரண்டு தகடு வைத்துப் போக்கினேன். பக்கவாட்டு வித்தியாசம் நின்றது. அலவாங்கு போட்டு நெம்பி எஞ்சினைத் தள்ளினேன். ஆணிகள் விட்ட அளவுக்கு நகர்ந்தது, பாதிதான் குறைந்தது.

அன்ரன் ஐஸ் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "அண்ணை, எல்லாம் சரியோ? விடியப் போகலாமோ?"

"ஓம்" என்றேன்.

அதைவிடச் சின்னப் பொய்யை யாழ்ப்பாணத்தில் சொல்ல முடியாது.

மறுநாள் காலை பத்துமணி கழிந்திருக்கும். மாக்கிறேற் அக்கா பட்டறைக்குள் ஏறக்குறைய ஓடி வந்தார். வழக்கமான வாங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் போன், ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சல். "கதையும், அன்ரனோடை கதையும்" என்று என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"அண்ணை, பின்பக்கம் புகையுது" என்றது அன்ரனின் குரல். "கயிறு எரிஞ்ச மணம். தண்ணி வருது, வாளியாலை இறைக்கிறம். எஞ்சினை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

"தண்ணி எவ்வளவு வருது?"

"இறைச்சால் சமாளிக்கலாம். காத்துத்தான் எங்களைப் பாறைத்திட்டுக்குத் தள்ளுது, நங்கூரம் பிடிக்குதில்லை. நான்தான் மூடியை அளவுக்கு மேலை இறுக்கிப்போட்டன் போலை கிடக்கு. அரை மணித்தியாலமா அதோடைதான் நிக்கிறன். கொஞ்சம் தளத்திப்போட்டு மெல்ல ஓடி வாறன். குழாய் சரிதானே? நீங்கள்தானே பாத்தனீங்கள்."

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மூடி இறுகியதுதான் காரணமென்றால் அவன் சொன்னது முழுச்சரி. நானென்றாலும் அதைத்தான் செய்வேன். குழாய் கோணல் என்றால் கதை வேறு. பின் புஷ் ஏற்கனவே கடித்துப் பிடித்திருக்கும். மறுபடி எஞ்சினை ஓட்டினால் ஷாஃப்ட் முறியும், அல்லது குழாயையே மரத்திலிருந்து பிடுங்கும். பிறகு உள்ளே வரும் தண்ணீருக்கு வாளி காணாது. வள்ளத்தில் மூன்று பேர். இரண்டில் எது என்று தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி கந்தோர் அறையிலிருந்து வெளியே வந்தார். இதையும் எழுதத்தான் வேண்டும்: அந்த நேரத்திலும் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவனையும் காப்பாற்ற ஒரு வழி தேடினேன்.

"ஓட்டாதை தம்பி" என்றேன். "ஆரையும் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு வரச் சொல்லு."

"ஏன் அண்ணை? இழுக்க ஆள் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலை எடுக்கும். அதுக்குள்ளை பாறையிலை ஏறிப்போடுவம். மெல்ல ஓடினால் என்ன?"

பாறை அவன் கண்முன் நிற்கிறது. காரணம் சொல்லாத கட்டளையை அவன் ஏன் கேட்க வேண்டும்? எஞ்சின் சாவியில் அவன் கை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா போனைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குழாய் கோணல், அன்ரன்" என்றேன். "இடப்பக்கத்துக்கு வளைஞ்சு கிடக்கு. பூட்டமுந்தியே எனக்குத் தெரியும். நேற்று நீ கேட்கேக்கையும் தெரியும். ஓட்டினியெண்டால் குழாய் பிடுங்கிக்கொண்டு போகும். எஞ்சினைத் தொடாதை."

காற்று இரைந்தது.

"சரி" என்றான். ஏன் என்றோ, பாவி என்றோ ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் கழித்து, "அப்ப வலையை முழுக்க இறக்கிறன். ஈயம் நிலத்திலை இழுபடேக்கை வள்ளம் கொஞ்சம் நிண்டு போகும்" என்றான். சாக்கைக் கிறீஸில் தோய்த்து ஷாஃப்ட்டைச் சுற்றி எப்படிக் கட்டுவது என்று நான் சொன்னேன். மூடியைத் தளர்த்தாமல் இரு பக்கமும் சமமாக இறுக்கச் சொன்னேன். முதலாளி தன் போனில் குருநகருக்கு எடுத்து, அந்தப் பக்கத்தில் நின்ற வள்ளமொன்றை அனுப்ப ஒழுங்கு செய்தார்.

பிறகு இருந்ததெல்லாம் காத்திருப்பு. அக்கா வாங்கில் இருந்தார். நான் அவருக்கு முன்னால் நின்றேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெரிஞ்சுகொண்டோ என்ரை கையாலை சுத்திப் பாக்க வைச்சனீர்?"

"ஓம் அக்கா."

மறுபக்கம் திரும்பிக்கொண்டார். என் தொழிலில் ஒரு விரலின் நுனியை இழந்திருக்கிறேன். அன்று அந்த வாங்குக்கு முன்னால் நின்றதுபோல் அது நோகவில்லை.

வலை வள்ளத்தைப் பிடித்து நிறுத்தியது. பாறைத்திட்டுக்கு இரண்டு வள்ள நீளம் இருக்கும்போது இழுக்க ஆள் வந்துசேர்ந்தது. மூன்று மணிக்குத் துறைக்கு வந்தார்கள், மூன்று பேரும் முழுசாக. வலை பாறையில் கிழிந்து கந்தல். துறையில் வைத்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகனின் தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதலாளியிடமும் கேட்டேன். புஷ் பழுதென்று சொல்லிவிடுவோமா என்று அவர் மெதுவாக இழுத்தார். வேண்டாம், எல்லாரும் கேட்கச் சொல்லியாயிற்று என்றேன். அவருக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

கழற்றிப் பார்த்தபோது பின் புஷ்ஷின் இடப்பக்கம் தேய்ந்து, துளை முட்டை வடிவாகியிருந்தது. புதுக் குழாய் ஒன்றுக்கு நாலு நாள் எடுத்தேன். நித்திரை இல்லாமல், அலகை மணிக்கொருதரம் தீட்டி, வாழ்க்கையில் இல்லாத கவனத்தோடு துளைத்தேன். முடித்து நூலைக் கட்டி வானத்துக்குக் காட்டினேன்.

அதுவும் வளைவு. முதலாவதைவிட மிகக் குறைவு, ஆனாலும் வளைவு.

எனக்கு அழுகை வந்தது. துளை ஒன்றும் போடாமல், அக்காவுக்குப் போன் எடுத்தேன். அன்ரனையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொன்னேன். பக்கத்து மெசின்காரன் வாய்விட்டுச் சிரித்தான். "வேலையிலை இருக்கிற கோணலைக் காட்டவோ ஆளைக் கூப்பிடுறாய்?" என்றான். சிரிக்கட்டும் என்று விட்டேன். சிரிப்புக்குப் பயந்ததன் விலை எனக்குத் தெரிந்திருந்தது.

வந்தார்கள். அன்ரன் குழாயின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, அக்கா மறுமுனையில் கண்ணை வைத்தார். நூலின் சாயலைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"ஓம், வளைவு தெரியுது. நேரா ஒண்டு செய்ய ஏலாதோ?"

"ஏலாது அக்கா. குறைக்கலாம், இல்லாமல் செய்ய ஏலாது. ஆனா இதைக் கீழ்ப்பக்கம் வாறமாதிரித் திருப்பிப் பூட்டினால் பாரத்தோடை ஒத்துப்போகும். நீங்கள் ஓம் எண்டால்தான் துளை போடுவன்."

அவர் நிமிர்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். குழாய்க்குள் பார்த்தால் கண் கூசும்.

"அண்டைக்கும் நீர் என்னைக் கூப்பிட்டு இப்பிடிக் காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு நினைக்கிறீர்?"

"பூட்டவேண்டாம் எண்டு சொல்லியிருப்பியள்."

"இல்லைத் தம்பி. ஆக்கள் வரப்போகினம், பாதருக்குச் சொல்லியாச்சு, பறவாயில்லை பூட்டும் எண்டுதான் சொல்லியிருப்பன். எனக்கு என்னைத் தெரியும். ஆனா முதல் புகை வந்தவுடனை அது என்ன எண்டு அன்ரனுக்குத் தெரிஞ்சிருக்கும். அரை மணித்தியாலம் அந்தத் தண்ணிக்குள்ளை நிண்டுகொண்டு, இந்தப் பிள்ளை தன்ரை கையிலைதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு நிண்டவன்."

அன்ரன் குழாயின் மறுமுனையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் கேட்டிருந்தேன், முதலாளியிடம் கேட்டிருந்தேன். அந்த வள்ளத்தில் நின்றவனிடம் அதுவரை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.